அபிலீன்: தண்டவாளத்தில் தொடங்கிப் பார்க்க வேண்டிய ஊர்

வாசகர் கேள்வி, 6 மே 2023

ஜூன் மாதத்தில் கன்சாஸ் சிட்டியிலிருந்து டென்வருக்குக் குடும்பத்துடன் காரில் செல்கிறோம். வழியில் கன்சாஸ் மாநிலத்தில் அபிலீன் என்ற சிற்றூர் வருகிறது. கௌபாய்கள் காலத்து நகர்மையம் அங்கே அப்படியே இருப்பதாக நண்பர் ஒருவர் சொன்னார். அமெரிக்கக் குடியரசுத் தலைவராக இருந்த ஐசன்ஹோவரின் நினைவிடத்தைத் தவிர அங்கே பார்க்க ஒன்றும் இல்லை என்கிறார் இன்னொருவர். இரண்டு மணி நேரம் ஒதுக்கினால் போதுமா?

7 மே 2023

இரண்டு மணி நேரம் ஐசன்ஹோவர் வளாகத்துக்கே போதாது. அரை நாள் ஒதுக்குங்கள்.

ஐ-70 நெடுஞ்சாலையில் 275ஆம் எண் வெளிவழியில் இறங்கினால் பக்ஐ அவென்யூ உங்களை நேராகத் தெற்கே கொண்டுபோகும். வருபவர்களில் பெரும்பாலோர் அந்தச் சாலையிலேயே ஊரைக் கடந்து, தண்டவாளத்தைத் தாண்டி, ஐசன்ஹோவர் வளாகத்தில் வண்டியை நிறுத்திவிடுகிறார்கள். பழைய நகர்மையம் தண்டவாளத்துக்கு வடக்கே, அவர்கள் கடந்துவந்த வழியிலேயே இருக்கிறது. முதல் முறை சென்றபோது நானும் அதைக் கவனிக்காமல் போனேன். டொபீகாவில் குடியிருப்பதால் ஒன்றரை மணி நேரத்தில் அங்கே போய்விட முடிகிறது. அதன் பிறகு பல முறை சென்றுவிட்டேன்.

என் யோசனை இதுதான். வடமேற்கு 2ஆம் தெருவில் பழைய யூனியன் பசிபிக் ரயில் நிலையம் இருக்கிறது. இப்போது அது சுற்றுலா அலுவலகம். வண்டியை அங்கே நிறுத்திவிட்டு, தண்டவாளத்துக்கு முதுகைக் காட்டி வடக்கே பாருங்கள். நகரம் எந்த வாசலிலிருந்து வளர்ந்தது என்பது அங்கே நின்றால்தான் புரியும்.

1867இல் ரயில் வந்தபோது இந்த ஊர் ஒரு டஜன் மரக் குடிசைகள் மட்டுமே. இல்லினாய் மாநிலத்து மாட்டு வணிகர் ஜோசப் மெக்காய் அந்த ஆண்டு இங்கே நிலம் வாங்கி மாட்டுப்பட்டிகளை அமைத்தார். டெக்சாஸ் மாட்டுக்காரர்கள் தங்குவதற்கு ‘டிரோவர்ஸ் காட்டேஜ்’ என்ற விடுதியையும் கட்டினார். உள்நாட்டுப் போர் முடிந்த நேரம் அது. டெக்சாஸில் நான்கு டாலருக்கு விற்ற மாடு வடக்கே நாற்பது டாலர் வரை விலை போயிற்று. இடையில் ரயில் மட்டும்தான் இல்லை. 1867 செப்டம்பர் 5ஆம் தேதி இருபது பெட்டிகளில் மாடுகளை ஏற்றிக்கொண்டு முதல் சரக்கு ரயில் இங்கிருந்து சிகாகோவை நோக்கிப் புறப்பட்டது. அந்த முதல் ஆண்டிலேயே ஏறத்தாழ 35,000 மாடுகள் வந்தன. நீங்கள் காணப்போகும் செங்கல் கட்டடங்கள் அந்தப் பணத்தில் எழுந்தவை.

7 மே 2023, இரவு

மெக்காய் இந்த ஊரைத் தேர்ந்தெடுத்ததற்கு ரயில் மட்டும் காரணமல்ல. டெக்சாஸின் நீள்கொம்பு மாடுகள் எங்கே போனாலும் அங்கிருந்த உள்ளூர் மாடுகள் நோயுற்று இறந்தன. வந்த மாடுகளோ நலமாக இருந்தன. டெக்சாஸ் காய்ச்சல் என்று பெயரிட்டார்கள். உண்ணிகள்தான் அதைப் பரப்பின என்பதைத் தியோபால்ட் ஸ்மித்தும் அவருடன் பணியாற்றியவர்களும் 1893இல்தான் நிறுவினார்கள். காரணம் தெரியாத காலத்திலேயே குடியானவர்கள் துப்பாக்கியோடு நின்று மந்தைகளை மறித்தார்கள். கன்சாஸ் அரசும் மாநிலத்தின் கிழக்குப் பகுதிக்குள் டெக்சாஸ் மாடுகள் வருவதைச் சட்டத்தால் தடுத்தது. அபிலீனைச் சுற்றி அப்போது குடியேறியவர்கள் மிகக் குறைவு. புல் இருந்தது, தண்ணீர் இருந்தது, எதிர்ப்பதற்கு ஆள் இல்லை. அதனால்தான் இந்த ஊர்.

அதற்கு முன்பு அந்தப் புல்வெளி கன்சா பழங்குடியினரின் வேட்டை நிலமாக இருந்தது. மாநிலத்துக்கே பெயர் கொடுத்த அந்த மக்கள் 1873இல் தெற்கே ஒக்லஹோமா பகுதிக்கு அனுப்பப்பட்டார்கள். பெயரை வைத்துக்கொண்டு மக்களை அனுப்பிவிட்டார்கள் என்பதை அந்த ஊரில் நடக்கும் ஒவ்வொரு முறையும் நினைத்துக்கொள்கிறேன்.

9 மே 2023

முதல் குறிப்பில் எழுதிய ஒரு வாக்கியத்தைத் திருத்த வேண்டும். ‘செங்கல் கட்டடங்கள் அந்தப் பணத்தில் எழுந்தவை’ என்று எழுதியிருந்தேன். அது தவறு.

அபிலீனில் மாட்டு வணிகம் 1867 முதல் 1871 வரை ஐந்து பருவங்கள் மட்டுமே நடந்தது. அந்தக் காலத்து ஊர் மரத்தால் ஆனது. தண்டவாளத்தை ஒட்டியிருந்த டெக்சாஸ் தெருவில் மதுக்கடைகளும் சூதாட்டக் கூடங்களும் பலகைச் சுவர்களோடு நின்றன. அவற்றில் ஒன்றும் மிஞ்சவில்லை. டிரோவர்ஸ் காட்டேஜின் பெரும்பகுதியை 1872இல் பெயர்த்து, மாட்டு வணிகம் நகர்ந்துபோன எல்ஸ்வொர்த் ஊருக்கே கொண்டுபோய்விட்டார்கள். ஒரு தொழில் போகும்போது தன் விடுதியையும் கையோடு எடுத்துக்கொண்டு போனதை நான் வேறெங்கும் கேள்விப்பட்டதில்லை.

நகர்மையத்தின் கட்டடங்கள் அதற்குப் பிந்தியவை. அவற்றைக் கட்டியது கோதுமைப் பணம். மாட்டுக் கூட்டம் தங்கள் வயல்களை மிதிப்பதைப் பொறுக்காத குடியானவர்கள், இனி வேறு ஊரைப் பார்த்துக்கொள்ளுங்கள் என்று டெக்சாஸ்காரர்களுக்கு 1872 பிப்ரவரியில் சுற்றறிக்கை விடுத்தார்கள். அந்த முயற்சியில் முன்னின்ற டி. சி. ஹென்றி என்பவரே பிறகு பரந்த அளவில் குளிர்காலக் கோதுமை விதைத்து, அந்த வட்டாரத்தின் கோதுமை மன்னர் என்று பெயர் பெற்றார்.

ஆகவே நண்பர் உங்களிடம் சொன்னது பாதிதான் உண்மை. கௌபாய்கள் நடந்த இடம் அது. அவர்கள் பார்த்த ஊர் அன்று.

9 மே 2023, சற்று நேரம் கழித்து

தெற்குப் பக்கத்தில் ‘ஓல்டு அபிலீன் டவுன்’ என்று பலகை வைத்த ஒரு தெரு இருக்கிறது. அது பிற்காலத்தில் மாதிரியாக அமைக்கப்பட்டது. கோடையில் அங்கே துப்பாக்கிச் சண்டை நடித்துக் காட்டுகிறார்கள். குழந்தைகளுக்குப் பிடிக்கும், தாராளமாக அழைத்துச் செல்லுங்கள். ஆனால் அதைப் பார்த்துவிட்டுப் பழைய நகர்மையத்தைப் பார்த்ததாக எண்ணிக்கொண்டு திரும்பிவிடாதீர்கள் என்பதற்காகச் சொல்கிறேன்.

14 மே 2023

இந்த இழையில் எழுத எழுத ஆசை கூடி, நேற்று மறுபடியும் போய்வந்தேன். கண்ணால் பார்த்ததை மறப்பதற்குள் எழுதிவிடுகிறேன்.

நகர்மையத் தெருக்களில் நடக்கும்போது கடைக் கண்ணாடிகளைப் பார்க்காமல் முதலில் மேலே பாருங்கள். கீழ்த்தளத்தை ஒவ்வொரு தலைமுறையும் மாற்றிவிடுகிறது. மேல்தளத்தை மாற்றுவதற்கு யாரும் செலவு செய்வதில்லை, அதனால் நூற்றாண்டுக்கு முந்தைய முகம் அங்கேதான் மிஞ்சியிருக்கும். வளைந்த தலை கொண்ட உயரமான சன்னல்கள், அவற்றுக்கு மேலே சுண்ணாம்புக்கல் புருவங்கள், கூரை விளிம்பில் தகரத்தை அச்சில் அழுத்திச் செய்த அலங்கார வரிகள் ஆகிய மூன்றையும் தேடினால் போதும்.

அதன் பிறகு குனிந்து பாருங்கள். ஒரு கடையின் வாசலில் வார்ப்பிரும்புத் தூண் ஒன்றின் அடிப்பகுதியைச் சிறிது நேரம் பார்த்துக்கொண்டிருந்தேன். பச்சை வண்ணம் பூசியிருந்தார்கள். காலணி படும் உயரத்தில் அது உரிந்து, கீழே பழைய செந்நிறமும் அதற்கும் கீழே கறுத்த இரும்பும் தெரிந்தன. தூணின் முகத்தில் செதுக்கிய இலைகள் போன்ற வேலைப்பாடு. விரலால் தட்டினால் உள்ளே வெற்றிடம் இருப்பது ஓசையில் தெரிகிறது. அந்தக் காலத்தில் இத்தகைய தூண்களை வார்ப்பாலைகளிலிருந்து விலைப்பட்டியல் பார்த்துத் தருவித்தார்கள். சரக்கு ரயிலில் வந்திறங்கியதும் உள்ளூர்க் கொத்தனார் நிறுத்தி மேலே செங்கல் அடுக்கினார். தண்டவாளம் இல்லாவிட்டால் அந்த எடையை அந்தப் புல்வெளியில் மாட்டுவண்டியில் இழுத்துவந்து ஒரு கடை வாசலில் நிறுத்தும் எண்ணமே யாருக்கும் வந்திருக்காது. ரயில் அந்த ஊருக்குச் சரக்கை மட்டும் கொண்டுவரவில்லை, அதன் தோற்றத்தையும் கொண்டுவந்தது. எல்லாப் புல்வெளி ரயில் ஊர்களின் கடைத்தெருக்களும் ஒன்றையொன்று ஒத்திருப்பது இதனால்தான்.

15 மே 2023

நேற்றைய குறிப்பில் விட்டுப்போனது: தானியக் குதிர்கள். தண்டவாளத்தை ஒட்டி நிற்கும் அந்தக் கான்கிரீட் உருளைகளை அழகற்றவை என்று எண்ணிப் பலர் படமெடுக்காமல் விட்டுவிடுகிறார்கள். ஆனால் அறுவடைக் காலத்தில் இந்த ஊரில் உயிரோடு இயங்குவது அவைதான். லாரிகள் கோதுமையைக் கொட்ட, அதை இயந்திரம் மேலே ஏற்றி உருளைகளில் நிரப்ப, அங்கிருந்து ரயில் பெட்டிகளுக்கு இறக்குகிறார்கள். நீங்கள் ஜூன் பிற்பாதியில் போவதானால் அறுவடையே நடந்துகொண்டிருக்கும்.

15 மே 2023

வைல்ட் பில் ஹிக்காக் பற்றி ஏன் ஒன்றும் எழுதவில்லை என்று கேட்டிருக்கிறீர்கள். எழுதத் தயங்கினேன், அவ்வளவுதான்.

அவர் 1871இல் சில மாதங்கள் மட்டுமே அங்கே மார்ஷலாக, அதாவது ஊர்க் காவல் தலைவராக இருந்தார். அக்டோபர் 5ஆம் தேதி இரவு ஃபில் கோ என்ற சூதாட்டக்காரரைச் சுட்டார். அந்தக் குழப்பத்தில் தன் உதவிக்கு ஓடிவந்த மைக் வில்லியம்ஸ் என்ற காவலரையும் தவறுதலாகச் சுட்டுக் கொன்றார். அந்த ஆண்டு முடிவதற்குள் ஊர் அவரைப் பணியிலிருந்து விடுவித்துவிட்டது.

எனக்கு அவரைவிட முக்கியமானவர் அவருக்கு முந்தைய ஆண்டில் மார்ஷலாக இருந்த டாம் ஸ்மித். ஊருக்குள் துப்பாக்கி கூடாது என்ற விதியைப் பெரும்பாலும் வெறும் கைமுட்டியால் நடைமுறைப்படுத்தியவர். 1870 நவம்பர் 2ஆம் தேதி, ஊருக்கு வெளியே ஒரு குடியானவரைக் கைதுசெய்யப் போன இடத்தில் கொல்லப்பட்டார். அவருடைய கல்லறை அபிலீன் இடுகாட்டில் இருக்கிறது. ஹிக்காக் பெயரில் விற்கும் சட்டைகளைப் பார்க்கும்போதெல்லாம் ஸ்மித்தின் நினைவுதான் வருகிறது.

28 மே 2023

ஒரு மனக்குறையையும் பதிவுசெய்ய வேண்டும், உங்களுக்கு அது நேராமல் இருப்பதற்காக. சில ஆண்டுகளுக்கு முன் என் பெற்றோர் வந்திருந்தபோது அவர்களை அபிலீனுக்கு அழைத்துச் சென்றேன். நாங்கள் தங்கிய விடுதியில், சுற்றுலா ரயில் எல்லா நாளும் ஓடும் என்று உறுதியாகச் சொன்னார்கள். தென்கிழக்கு 5ஆம் தெருவில் இருக்கும் பழைய ராக் ஐலண்ட் நிலையத்துக்குப் போனால் கதவு பூட்டியிருந்தது. ரயில்வேயில் முப்பத்தோரு ஆண்டுகள் வேலை பார்த்து ஓய்வுபெற்றவர் என் அப்பா. வேலிக்கு வெளியே நின்று, உள்ளே நின்ற பெட்டிகளின் இணைப்புக் கொக்கிகளைக் கண்ணால் அளந்துகொண்டிருந்தார். “பரவாயில்லப்பா, வண்டி ஓடலைன்னாலும் வண்டிதான்” என்றார். அவர் அடுத்த முறை வரவில்லை. உடல்நிலை இடம் கொடுக்கவில்லை. ஆகவே முன்கூட்டியே ரயில்காரர்களிடம் நேரடியாகக் கேட்டு உறுதிசெய்துகொள்ளுங்கள்.

ரயில் ஓடும் நாளாக இருந்தால் கட்டாயம் ஏறுங்கள். ராக் ஐலண்ட் நிறுவனம் 1887இல் இட்ட பாதையில், ஸ்மோக்கி ஹில் ஆற்றைக் கடந்து, எண்டர்பிரைஸ் என்ற சிற்றூர் வரை சென்று திரும்புகிறது. அவர்களிடம் 3415 எண் கொண்ட, சாண்டா ஃபே ரயில் நிறுவனத்தின் நீராவி எஞ்சின் ஒன்று இருக்கிறது. 1919இல் பால்ட்வின் ஆலையில் செய்தது. ஊர்ப் பூங்காவில் காட்சிப் பொருளாக நின்றதை மீண்டும் ஓடவைத்திருக்கிறார்கள். அது எல்லாப் பயணங்களுக்கும் வருவதில்லை. சில நாட்களில் மட்டும் வரும்.

29 மே 2023

அமெரிக்கப் பயணிகள் ரயிலான ஆம்ட்ராக்கில் வர முடியுமா என்று இன்னொருவர் கேட்டிருக்கிறார். முடியாது. ரயிலால் பிறந்த ஊரில் இன்று பயணிகள் ரயில் நிற்பதில்லை. ஆம்ட்ராக் நிற்கும் இடம் தெற்கே உள்ள நியூட்டன். அங்கும் சவுத்வெஸ்ட் சீஃப் என்ற ரயில் நள்ளிரவு கடந்துதான் வருகிறது.

இன்னொன்று. டெக்சாஸிலும் ஓர் அபிலீன் இருக்கிறது. வழிகாட்டிச் செயலியில் தட்டும்போது பார்த்துத் தட்டுங்கள். 1881இல் அங்கே ரயில் வந்தபோது இந்தக் கன்சாஸ் ஊரின் பெயரைத்தான் அதற்கு வைத்தார்கள். கன்சாஸ்காரர்கள் தங்கள் பெயரை எடுத்தது பைபிளிலிருந்து, லூக்கா சுவிசேஷத்தின் மூன்றாம் அதிகாரம் முதல் வசனம்.

11 ஜூன் 2023

ஐசன்ஹோவரைப் பற்றி நான் வேண்டுமென்றே ஒதுக்கி எழுதுவதாக ஒருவர் குறைப்பட்டிருக்கிறார். அப்படியில்லை. அவரையும் தண்டவாளத்திலிருந்தே பார்க்க வேண்டும் என்பதுதான் என் எண்ணம்.

அவர் வளர்ந்த வீடு பாதைக்குத் தெற்கே, தென்கிழக்கு 4ஆம் தெருவில் அதே இடத்தில் நிற்கிறது. குடும்பம் அங்கே குடிவந்தது 1898இல். ஆறு ஆண் பிள்ளைகளுக்கு அது மிகச் சிறிய வீடு. அக்காலத்தில் வசதியானவர்கள் வடக்கே, உழைப்பாளிகள் தெற்கே என்று தண்டவாளம் ஊரை இரண்டாகப் பிரித்தது. பள்ளிப் பையன்களிடையே வடக்கு, தெற்கு என்று சண்டை நடப்பது வழக்கமாக இருந்தது; ஐசன்ஹோவரும் வடக்குப் பையன் ஒருவனோடு இருவரும் சோர்ந்து விழும்வரை மோதினார். அவருடைய அப்பா பெல் ஸ்பிரிங்ஸ் வெண்ணெய் ஆலையில் இயந்திரங்களைப் பார்த்துக்கொண்டார். மகனும் 1909இல் பள்ளி முடித்த பிறகு, அண்ணனின் கல்லூரிச் செலவுக்காக அதே ஆலையில் இரவு வேலை செய்தார். 1911இல் வெஸ்ட் பாயிண்ட் ராணுவக் கல்லூரிக்குப் புறப்பட்டது இந்த ஊரிலிருந்து ரயிலில்தான்.

1969 மார்ச் மாதத்தில் வாஷிங்டனில் அவர் இறந்தார். உடலை ஏந்திய ரயில் ஏப்ரல் 2ஆம் தேதி அபிலீன் வந்து சேர்ந்தது. சாதாரணப் படைவீரனுக்கு உரிய எண்பது டாலர் சவப்பெட்டியில் அடக்கம் செய்தார்கள். ரயிலில் புறப்பட்டவர் ரயிலில் திரும்பிய தூரத்தை அளக்க வேண்டுமென்றால், அந்த வீட்டுக்கும் நிலையத்துக்கும் இடையே ஒரு முறை நடந்து பாருங்கள். சில நிமிட நடைதான்.

11 ஜூன் 2023, இரவு

மேலே எழுதியதோடு சேர்த்துப் படிக்க வேண்டியது ஒன்று உண்டு. இளம் ராணுவ அதிகாரியாக 1919இல் வாஷிங்டனிலிருந்து சான் பிரான்சிஸ்கோ வரை ராணுவ லாரிகளோடு சென்றவர் ஐசன்ஹோவர். சாலைகள் அவ்வளவு மோசமாக இருந்ததால் பயணம் 62 நாட்கள் பிடித்தது. அவரே குடியரசுத் தலைவராக 1956இல் மாநிலங்களுக்கிடையேயான நெடுஞ்சாலைச் சட்டத்தில் கையெழுத்திட்டார். நீங்கள் வரப்போகும் ஐ-70 அந்தச் சட்டத்தால் எழுந்த சாலைதான். அது பழைய நிலையத்தைத் தொடாமல் வடக்கே விலகிச் செல்கிறது. பெட்ரோல் பங்குகளும் சங்கிலி விடுதிகளும் அதன் ஓரத்துக்குப் போய்விட்டன. தன் ஊரின் வாசலைத் தண்டவாளத்திலிருந்து நெடுஞ்சாலைக்கு மாற்றியவர் அந்த ஊர்ப் பிள்ளையேதான். இதைக் குற்றமாகச் சொல்லவில்லை. அந்தச் சாலை இல்லாவிட்டால் நானும் அங்கே அடிக்கடி போயிருக்க முடியாது.

12 ஜூன் 2023

நேரம் மிஞ்சினால் பார்க்க வேண்டியவை: 1905இல் கட்டிய சீலி மாளிகை பக்ஐ அவென்யூவில், வடக்கிலிருந்து வரும் வழியிலேயே இருக்கிறது. மருந்து விற்றுச் செல்வரானவரின் வீடு அது. டிக்கின்சன் கவுண்டி அருங்காட்சியகத்தில் சி. டபிள்யூ. பார்க்கர் இந்த ஊரிலேயே செய்த மரக் குதிரைகள் கொண்ட குடைராட்டினம் ஒன்று இன்னும் சுற்றுகிறது, குழந்தைகள் ஏறலாம். அதே இடத்தில் தொலைபேசி அருங்காட்சியகமும் உண்டு. பிற்காலத்தில் ஸ்பிரிண்ட் என்று அறியப்பட்ட நிறுவனத்தின் வேர், 1899இல் அபிலீனில் பிரவுன் என்பவர் தொடங்கிய சிறிய தொலைபேசி நிறுவனம்தான்.

மருந்தும் ராட்டினமும் இந்தச் சிற்றூரிலிருந்து வெளியூர்களுக்குப் போனது சரக்கு ரயிலில்தான் என்பதை நினைவில் வைத்துக்கொண்டு பார்த்தால், இவை தனித்தனியான வேடிக்கைகளாகத் தோன்றா.

2 ஜூலை 2023

நீங்கள் போய்வந்ததை எழுதியிருந்தீர்கள், மகிழ்ச்சி. ரயில்வே கேட்டில் பதினைந்து நிமிடம் சிக்கிக்கொண்டு அலுத்துப்போனதாகவும், ஒரே சரக்கு ரயிலே முடிவில்லாமல் போய்க்கொண்டிருந்ததாகவும் எழுதியிருக்கிறீர்கள். எனக்கும் அது பல முறை நேர்ந்திருக்கிறது.

மே மாதம் போனபோது நான் எஞ்சினை அணைத்துவிட்டு இறங்கி நின்றேன். கிழக்கிலிருந்து ஒலி முதலில் வந்தது: இரண்டு நீளம், ஒரு குறுகல், மறுபடி ஒரு நீளம். சாலையைக் கடக்கும் ஒவ்வோர் இடத்திலும் ஓட்டுநர் அப்படித்தான் ஊத வேண்டும் என்பது விதி. மணி அடித்தது, தடுப்புக்கோல் இறங்கியது. மூன்று எஞ்சின்கள், பிறகு தானியப் பெட்டிகள். எண்ணத் தொடங்கி நூற்றுப் பன்னிரண்டில் விட்டுவிட்டேன். ஒவ்வொரு பெட்டியும் தண்டவாள இணைப்பைக் கடக்கும்போது காலடி மண் லேசாக அதிர்ந்தது. பக்கத்து வண்டியில் இருந்த முதியவர் சன்னலை இறக்கி, தொப்பியை எடுத்துத் தொடையில் வைத்துக்கொண்டு, கடைசிப் பெட்டி போகும்வரை பார்த்துக்கொண்டிருந்தார். கோல் ஏறியதும் எங்களுக்குப் பின்னால் நின்றவர்கள் யாரும் ஹார்ன் அடிக்கவில்லை.

3 ஜூலை 2023

நேற்றைய குறிப்பில் ஒரு திருத்தம். வந்தது கிழக்கிலிருந்து அல்ல, சலைனா பக்கமான மேற்கிலிருந்து. கைப்பேசியில் எடுத்த படத்தை மறுபடி பார்த்தேன். பிற்பகல் வெயில் எஞ்சினின் பின்பக்கத்தில் விழுந்திருக்கிறது.